நடையில் தொடங்கி மெல்லோட்டம் வரை: தோட்டத்துப் பெண்களுக்கு 12 வாரப் பயிற்சி



விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக நடந்து, நானூறு ஐந்நூறு பால்மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் தூக்கி ஸ்டோருக்குச் சுமந்தவர்கள் உங்களில் பலர். அந்த நாளில் உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் உங்களுக்குத் தேவைப்படவில்லை. இன்று பால்மரம் நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. கடைக்குப் போக மகனின் மோட்டார் சைக்கிள், மாலையில் தொலைக்காட்சித் தொடர் என்று கால்களுக்கு வேலை குறைந்துவிட்டது. தட்டில் இருக்கும் சோறு மட்டும் வெட்டுக்குப் போன காலத்து அளவிலேயே இருக்கிறது.

இதன் விளைவை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு. கால் விரலை இழந்தவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், பார்வை மங்கியவர் என்று உங்களுக்குத் தெரிந்த ஒருவராவது இருப்பார். இந்த நோய்களைத் தள்ளிப்போடவும் கட்டுப்படுத்தவும் உதவும் வழிகளில் ஒன்று உங்கள் கால்களிலேயே இருக்கிறது.

இதுவரை ஓடியே பழக்கமில்லாத பெண்கள், முதலில் நடந்து, பிறகு சிறிது சிறிதாக ஓடிப் பழகுவது எப்படி என்பதை இந்தக் கையேடு சொல்கிறது.

இந்த வயதில் ஓட்டமா?

‘ஊர் என்ன சொல்லும்?’ என்ற தயக்கம் இயல்பானது. பஞ்சாபைச் சேர்ந்த மான் கவுர் என்ற மூதாட்டி ஓடத் தொடங்கியபோது அவருக்கு வயது 93. 2017-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்த மூத்தோர் விளையாட்டுப் போட்டியில் 101-ஆவது வயதில் 100 மீட்டரை 74 விநாடியில் ஓடி முடித்தார். அந்த வயதுப் பிரிவில் ஓடியவர் அவர் ஒருவர்தான். எனவே அங்கே அவர் வெல்ல வேண்டியவர் வேறு யாருமில்லை. அந்தத் தூரத்தை ஓடி முடிப்பதே வெற்றி. அவர் 2021-இல், 105-ஆவது வயதில் காலமானார்.

நம் நாட்டிலும் முன்னோடி உண்டு. பேராக் மாநிலத்தின் தாப்பாவில் பிறந்த எம். இராஜாமணி 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடினார். அவர் பெயரை வானொலியில் கேட்டு மகிழ்ந்தவர்கள் உங்களிடையே இருக்கலாம். அவரைப் போல வேகமாக ஓட வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. பேரப்பிள்ளையின் பின்னால் நாலடி ஓடினாலும் மூச்சு வாங்காமல் இருக்க வேண்டும். கோயில் படியைக் கைப்பிடி இல்லாமல் ஏற வேண்டும். தடுமாறினாலும் விழாமல் நிற்க வேண்டும். இந்தப் பயிற்சியின் இலக்கு அவ்வளவுதான்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

*சர்க்கரை குறைகிறது.* தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே இழுத்து எரிபொருளாக்குகிறது. இந்த நன்மை ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலும் பிறகு மங்கிவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாளாவது அரை மணி நேரம் நடப்பது மேல்.

*இதயம் வலுவாகிறது.* தொடர்ந்து பயிற்சி செய்பவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. இரத்த அழுத்தமும் மெல்லக் குறைகிறது.

*எலும்பு உறுதிப்படுகிறது.* மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாகத் தேய்கிறது. கால் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் எலும்புக்குச் சிறு அழுத்தம் கிடைக்கிறது. அந்த அழுத்தம் எலும்பை உறுதியாக வைத்திருக்க உதவுகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் என்றால் கணக்கு சரியாகிவிடும். 65 வயதைக் கடந்தவர்கள் இதோடு வாரத்தில் 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், 3 நாள் உடல் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும்.

முதலில் கிளினிக்குக்குப் போங்கள்

மெதுவான நடை ஏறக்குறைய எல்லாருக்கும் ஏற்றது. ஆனால் ஓடத் தொடங்குமுன் உங்கள் வட்டாரச் சுகாதார கிளினிக்கில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. அரசு உதவித் தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு ‘பெக்கா பி40’ திட்டத்தின் கீழ் இலவச உடற்பரிசோதனை உண்டு. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும், மருத்துவர் சம்மதம் தரும்வரை ஓட வேண்டாம்:

• நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சில் வலி, இறுக்கம்
• முன்பு மாரடைப்பு, பக்கவாதம், இதய அறுவை சிகிச்சை
• அடிக்கடி தலைசுற்றல் அல்லது மயக்கம்
• இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாமை
• நீரிழிவால் கண், சிறுநீரகம் அல்லது பாத நரம்பில் பாதிப்பு
• சிறு விழுதலிலேயே எலும்பு முறிந்திருந்தால்
• கருப்பை இறக்கம், அல்லது அடிவயிறு கீழே இழுப்பது போன்ற உணர்வு

‘ஓட வேண்டாம்’ என்று மருத்துவர் சொன்னால் மனம் தளர வேண்டாம். விறுவிறுப்பான நடையே இந்த நன்மைகளில் பெரும்பகுதியைத் தந்துவிடும். அட்டவணையில் ‘ஓட்டம்’ என்று இருக்கும் இடத்தில் ‘வேகநடை’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன போட்டுக்கொள்வது?

*சப்பாத்து:* ஜப்பான் சிலிப்பரோடு ஓடக்கூடாது. குதிகாலை இறுக்கிப் பிடிக்கும், கயிறு கட்டும் விளையாட்டுச் சப்பாத்து வேண்டும். மாலை நேரத்தில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது கடைக்குப் போய் அளவு பார்த்து வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். விலை உயர்ந்தது தேவையில்லை. ஆனால் மகள் பயன்படுத்தித் தேய்ந்துபோன பழைய சப்பாத்து வேண்டாம். பருத்திக் காலுறை அணியுங்கள்.

*உடை:* சேலையும் நீண்ட கைலியும் காலைத் தடுக்கும். தளர்வான பஞ்சாபி உடுப்பு அல்லது டீ-சட்டையும் தளர்ந்த காற்சட்டையும் போதும். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடலாம். மார்பை நன்றாகத் தாங்கும் உள்ளாடை அவசியம். அது இல்லாமல் ஓடினால் மார்பிலும் முதுகிலும் வலி வரும்.

*கையில் எடுத்துச் செல்ல:* ஒரு சிறு பாட்டில் தண்ணீர், கைப்பேசி, அடையாள அட்டையின் நகல். நீரிழிவு உள்ளவர்கள் நான்கைந்து மிட்டாய் அல்லது மடித்த தாளில் ஒரு மேசைக்கரண்டி சீனி வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே, எப்போது?

தமிழ்ப்பள்ளித் திடல், கோயில் வளாகம், வீட்டு வரிசைக்கு முன்னுள்ள தார்ச்சாலை ஆகியவை நல்ல இடங்கள். செம்பனைக் காட்டு மண்சாலையில் போவதானால் சிலவற்றைக் கவனியுங்கள்:

• விழுந்து கிடக்கும் மட்டையின் முள் சப்பாத்தையும் குத்தும். எலியைத் தேடிப் பாம்பு வரும் இடம் அது. புல் மண்டிய ஓரத்தை விட்டு, சாலையின் நடுவில் பார்த்து நடங்கள்.
• களைக்கொல்லி மருந்து தெளிக்கும் நாளில் அந்தப் பக்கம் போக வேண்டாம். எந்தப் பகுதியில் தெளிக்கிறார்கள் என்று மண்டோரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளலாம்.
• மழைக்குப் பின் தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண் வழியாக எலிக்காய்ச்சலைத் தரக்கூடும்.
• குலை ஏற்றிய லாரியும் டிராக்டரும் வரும் சாலையில், வண்டி எதிரே வருவது தெரியும்படி வலப்பக்கமாக நடங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள்.
• நாய் குரைத்தால் ஓடாதீர்கள். நின்று, மெல்ல நடந்து விலகுங்கள்.

காலை வெளிச்சம் வந்தபின் 9 மணிக்குள், அல்லது மாலை 5.30-க்கு மேல் இருட்டுமுன் செல்லுங்கள். நடுப்பகல் வெயில் வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே போகாமல், வீட்டுக்குள்ளேயே நடைபோடுங்கள். தனியாகப் போவதைவிட இருவர் மூவர் சேர்ந்து போவது பாதுகாப்பு. அக்கம்பக்கத்து அக்காவையோ சம்பந்தியம்மாவையோ கூப்பிடுங்கள். ஒருவர் சோர்ந்த நாளில் மற்றவர் வந்து கதவைத் தட்டுவார்.

12 வார அட்டவணை

எவ்வளவு வேகம் சரி என்பதற்குக் கருவி தேவையில்லை. ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட மட்டும் மூச்சு போதாது. அதுவே சரியான வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் உடனே நடைக்கு மாறுங்கள். இரத்த அழுத்தத்துக்கு உட்கொள்ளும் சில மருந்துகள் நாடித்துடிப்பை ஏற விடாது. அவர்களுக்கும் நாடியை எண்ணுவதைவிட இந்தப் பேச்சுச் சோதனையே நம்பகமானது.

*முதல் 4 வாரம்: நடை மட்டும், வாரத்துக்கு 5 நாள்*

1-ஆம் வாரம்: 10 முதல் 15 நிமிடம்
2-ஆம் வாரம்: 20 நிமிடம்
3-ஆம் வாரம்: 25 நிமிடம்
4-ஆம் வாரம்: 30 நிமிடம், கை வீசி விறுவிறுப்பாக

30 நிமிடம் சிரமமின்றி நடக்க முடிந்தால் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போங்கள். முடியாவிட்டால் நான்காம் வாரத்தையே இன்னும் இரண்டு வாரம் தொடருங்கள்.

*5 முதல் 12-ஆம் வாரம்: வாரத்துக்கு 3 நாள் ஓட்டமும் நடையும், ஒருநாள் விட்டு ஒருநாள்*

ஒவ்வொரு முறையும் முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் மெதுவான நடை. இடையில்:

5-ஆம் வாரம்: அரை நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 6 முறை
6-ஆம் வாரம்: அதே அளவு; 8 முறை
7-ஆம் வாரம்: 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 6 முறை
8-ஆம் வாரம்: அதே அளவு, 7 முறை
9-ஆம் வாரம்: 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 5 முறை
10-ஆம் வாரம்: 2 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, 7 முறை
11-ஆம் வாரம்: 3 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 4 முறை
12-ஆம் வாரம்: 5 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 3 முறை

கடிகாரம் இல்லையா? சாலையோரச் செம்பனைகள் ஏறக்குறைய 8 அல்லது 9 மீட்டர் இடைவெளியில் நிற்கும. ஆறு மர இடைவெளி சுமார் 50 மீட்டர். மெதுவாக ஓடினால் அதைக் கடக்க அரை நிமிடம் ஆகும். மரத்தை எண்ணுவது உங்களுக்குப் புதிதல்லவே!

ஓடும்போது எட்டு வைப்பது சிறியதாக இருக்கட்டும். பாதம் உடலுக்கு நேர் கீழே ஊன்ற வேண்டும். தரையில் ‘தொம் தொம்’ என்று சத்தம் கேட்டால் எட்டு நீளமாகிவிட்டது என்று பொருள். தோளைத் தளர்த்தி, பார்வையைப் பத்து மீட்டர் முன்னால் வையுங்கள். ஓட்டமில்லாத நாட்களில் இரண்டு நாள் சாதாரணமாக 30 நிமிடம் நடந்தால் போதும்.

வீட்டுக்குள் செய்யும் நான்கு பயிற்சிகள்

முதல் மூன்றையும் வாரத்தில் 3 நாள் செய்யுங்கள். முழங்காலைச் சுற்றியுள்ள தசை வலுவானால் மூட்டுக்குப் பாரம் குறையும்.

1. *நாற்காலியில் எழுந்து உட்காருதல்:* கையை ஊன்றாமல் 10 முறை. முடியாவிட்டால் ஒரு கையை ஊன்றித் தொடங்குங்கள். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும்.
2. *குதிகால் உயர்த்துதல்:* சுவரைப் பிடித்து நின்று, முன்பாதத்தில் எழுந்து மெல்ல இறங்குங்கள். 10 முறை.
3. *ஒற்றைக் காலில் நிற்றல்:* அடுப்பு மேடையைப் பிடித்தபடி ஒரு காலுக்கு 10 விநாடி. இது விழாமல் காக்கும் பயிற்சி.
4. *இடுப்பின் அடித்தளத் தசைப் பயிற்சி:* இது பெண்களுக்கு மிக முக்கியம், கீழே படியுங்கள்.

வெளியே சொல்லத் தயங்கும் ஒன்று

இருமினால், தும்மினால், ஓடினால் சொட்டுச் சிறுநீர் கசிவது பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கும் உண்டு. பாரம் தூக்கி உழைத்தவர்களுக்கும் வரலாம். இதற்காகவே வெளியே போவதை நிறுத்திவிட்டவர்களும் இருக்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயிற்சியால் பெரும்பாலும் குறையும்.

சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்தசையை மேலே இழுங்கள். 5 விநாடி பிடித்து, 5 விநாடி தளர்த்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். வயிற்றையும் தொடையையும் இறுக்க வேண்டாம். ஒரு தடவைக்கு 10 முறை, நாளைக்கு 3 தடவை. படுத்துக்கொண்டும் செய்யலாம், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டும் செய்யலாம். பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். குறையவில்லை என்றால் கிளினிக் தாதியிடம் சொல்லுங்கள். கசியும் என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

• இன்சுலின் அல்லது கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு ஓட்டத்தின்போதோ பிறகோ சர்க்கரை சட்டெனக் குறையலாம். வெறும் வயிற்றில் ஓடாதீர்கள்.
• வீட்டில் கருவி இருந்தால் புறப்படுமுன் பாருங்கள். 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், இரண்டு பிஸ்கட் அல்லது ஒரு சிறு வாழைப்பழம் சாப்பிட்டு, சர்க்கரை ஏறியபின் போங்கள். 14-க்கு மேல் இருந்தாலோ உடம்பு சரியில்லை என்றாலோ அன்று ஓட வேண்டாம்.
• கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி ஆகியவை சர்க்கரை குறைவதன் அறிகுறிகள். உடனே உட்கார்ந்து, ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் ஒரு முறை. பிறகு ஏதாவது சாப்பிடுங்கள்.
• வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் விரலிடுக்கு வரை பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள். கொப்புளமோ வெட்டோ இருந்தால் அது ஆறும்வரை ஓட்டம் வேண்டாம்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

*ஓடினால் முழங்கால் மூட்டு தேய்ந்துவிடாதா?*
அளவோடு ஓடுவதால் நல்ல மூட்டு தேய்வதில்லை. கூடுதல் எடையும் வலுவிழந்த தசையும்தான் மூட்டுக்கு அதிகம் கெடுதல். ஏற்கெனவே மூட்டு வீங்கி வலிப்பவர்கள் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

*மறுநாள் கால் வலிக்கிறதே?*
தொடையிலும் கெண்டைக்காலிலும் இரண்டு நாள் மந்தமான வலி இருப்பது இயல்பு. ஓரிடத்தில் குத்தும் வலி, வீக்கம், நொண்ட வைக்கும் வலி ஆகியவை இயல்பல்ல. ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

*வெள்ளிக்கிழமை விரதம், தைப்பூச நோன்பு நாட்களில்?*
அன்று ஓட்டம் வேண்டாம். மெதுவான நடை போதும். நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் விரதம் இருக்குமுன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

*வீட்டு வேலையே நாள் முழுக்கச் செய்கிறேன். அது போதாதா?*
அசைவு எல்லாமே நல்லதுதான். ஆனால் சமையலும் துணி மடிப்பதும் மூச்சை வேகப்படுத்துவதில்லை. மூச்சு வேகமாகும்படி செய்தால்தான் இதயத்துக்குப் போதிய பயிற்சி கிடைக்கும்.

*ஓடிவிட்டு வந்து தே தாரிக் குடிக்கலாமா?*
தண்ணீர் குடியுங்கள். ஒரு கிளாஸ் தே தாரிக்கும் இரண்டு ரொட்டி சானாயும் அரை மணி நேர உழைப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

தாத்தாமார்களே, பிள்ளைகளே! அம்மா வெளியே போகும் அரை மணி நேரத்துக்குப் பேரப்பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ‘வயதான காலத்தில் எதற்கு?’ என்று கேட்காதீர்கள். முடிந்தால் கூடவே நடங்கள். இந்த அட்டவணை ஆண்களுக்கும் பொருந்தும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில் வலி, பாரம், இறுக்கம். தாடை, தோள், முதுகு, கைக்குப் பரவும் வலி
• ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல்
• குளிர்ந்த வியர்வை, குமட்டல், கண் இருட்டுதல்
• முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல்

பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் நெஞ்சுவலி இல்லாமலே வரும். காரணமில்லாத களைப்பும் மூச்சுத்திணறலும் குமட்டலும் மட்டுமே தெரியும். ‘வாயுத்தொல்லைதான்’ என்று எண்ணி இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். 999 எண்ணை அழையுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்திலுள்ள பள்ளி அல்லது கோயிலின் பெயர் ஆகியவற்றைச் சொன்னால் ஆம்புலன்ஸ் வழி தேடி அலையாது. இவற்றை மலாய்மொழியில் ஒரு தாளில் எழுதி இன்றே சுவரில் ஒட்டி வையுங்கள்.

இந்தக் கையேட்டை நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். நடந்த நாளையும் ஓடிய நாளையும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. ஒரு வாரம் பின்னோக்கிப் போய்த் தொடருங்கள். அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது அந்த நாட்காட்டியையும் கொண்டுவாருங்கள். உங்கள் சர்க்கரை, இரத்த அழுத்த அளவுகளோடு அதையும் சேர்த்துப் பார்த்து, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.